இடமும் வேளையும்

மார்கழி மாதத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தமிழ் வீட்டில் விளக்கு எரிந்தால், உள்ளே திருப்பாவை ஓதுகிறார்கள் என்றோ, கோலத்திற்கு மாவு கரைக்கிறார்கள் என்றோ எண்ணுவது இயல்பு. மைசூருவின் மார்கழிக் குளிர் நம் சங்கத்து அன்பர்கள் அறியாததன்று. சாமுண்டி மலை பனியில் மறைந்திருக்க, பால் கொணர்பவர் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வரும் வேளை அது. சென்ற மார்கழியில் நம் இல்லத்துப் பின்னறையில் அந்த வேளையில் நாள்தோறும் விளக்கு எரிந்தது. ஆனால் அங்கே பாசுரம் ஒலிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நம் மகன் போர்வைக்குள் அமர்ந்து, கைப்பேசியின் மேல் குனிந்திருந்தான்.

"என்ன செய்கிறாய்?" என்று கேட்டோம்.

"அணியை நிறுத்துகிறேன் அப்பா. ஐந்தரைக்குள் நிறுத்தாவிட்டால் பூட்டிவிடும்" என்றான்.

நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது தந்தையர்க்கு முதலில் தோன்றுவது அச்சமேயன்றோ? கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களால் குடும்பங்கள் நிலைகுலைந்த செய்திகளை நாம் பல ஆண்டுகளாகப் படித்து வந்திருக்கிறோம். கர்நாடக அரசு 2021இல் பந்தய ஆட்டங்களைத் தடுக்கச் சட்டத் திருத்தம் கொணர்ந்ததும், 2022 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென அறிவித்ததும், பின்னர் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே இணையவழிப் பண ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியதும் நாம் அறிவோம். திறமையால் ஆடுவதானாலும் சரி, அதிர்ஷ்டத்தால் ஆடுவதானாலும் சரி, பணம் வைத்த ஆட்டத்தை நடத்துவது குற்றம் என்பது அச்சட்டத்தின் சாரம். ஆகவே, "பணம் உண்டா?" என்பதே நம் அடுத்த கேள்வியாயிற்று.

"ஒரு பைசாவும் இல்லை. அத்தை மகன், பெரியப்பா பிள்ளைகள், சித்தி பெண், எல்லோரும் சேர்ந்து ஆடுகிறோம். மொத்தம் பத்துப் பேர். கடைசியில் வருகிறவர் கும்பகோணத்துப் பாட்டிக்குத் தமிழில் இரண்டு பக்கம் கையால் கடிதம் எழுத வேண்டும். அதுதான் தண்டனை."

தாய்மொழியில் தம் பாட்டிக்குக் கடிதம் எழுதுவது இந்நாளில் தண்டனையாகக் கருதப்படுவதை எண்ணிச் சிரிப்பதா, வருந்துவதா என்று நமக்குத் தெரியவில்லை. ஆயினும் அச்சம் நீங்கியது. அச்சம் நீங்கிய இடத்தில் ஆவல் புகுந்தது. அது என்ன ஆட்டம் என்று அவனிடமே கேட்டுக் கற்றோம். கற்றதையும், அதன் பயனாக நாம் செய்த ஒரு பிழையையும் அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூடைப்பந்தாட்டம் நம்மவர்க்குப் புதிதன்று. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பீச் பழக் கூடைகள் இரண்டை மாட்டிப் பதின்மூன்று விதிகளுடன் இதனை வகுத்தார். அவர் வகுப்பில் பதினெண்மர் இருந்தனர். ஆகவே அணிக்கு ஒன்பதின்மர் ஆடினர். 1920இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி, இத்தகைய ஆட்டங்கள் நம் நாட்டுப் பள்ளிகளில் பரவப் பெரிதும் துணைநின்றது. இந்திய மகளிர் அணியின் தலைவியாக விளங்கிய சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றதை நாம் மறக்கவில்லை. என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தின் அணிகள் 2019 அக்டோபரில் மும்பைக்கு வந்து இரண்டு ஆட்டங்கள் ஆடியதும் அன்பர்கள் பலர் அறிந்ததே.

நம் மகன் ஆடுவதோ அந்த ஆட்டத்தின் நிழலை. 'பேன்டசி' என்று இளைஞர் வழங்கும் இதனைக் கற்பனை அணி ஆட்டம் எனலாம். 1980இல் எழுத்தாளர் டேனியல் ஒக்ரெண்டும் அவர் நண்பர்களும் பேஸ்பால் ஆட்டத்தை வைத்து நியூயார்க்கில் தொடங்கிய குழுவே இன்றைய வடிவிற்கு முன்னோடி என்பர். உண்மையான வீரர்களை ஆளுக்குச் சிலராகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் அவ்வீரர் ஓர் ஆட்டத்தில் எத்தனை புள்ளி எடுத்தார், எத்தனை முறை பந்தை மீட்டார், எத்தனை முறை பிறர்க்கு உதவினார், எத்தனை வீச்சுகளைத் தடுத்தார் என்பன போன்ற ஒன்பது கணக்குகள் அவரைக் கொண்டவருக்குச் சேர்கின்றன. வாரந்தோறும் இருவர் இருவராக மோதி, ஒன்பதில் எவர் மிகுதியான கணக்குகளில் முந்துகிறாரோ அவர் அவ்வாரம் வென்றவராகிறார்.

இவ்வளவில் இது வெறும் கூட்டல் கணக்கு என்றே தோன்றும். நாமும் அவ்வாறே எண்ணினோம். ஆனால் இவ்வாட்டத்தின் உயிர் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, ஆட்டக்காரன் நிற்கத்தக்க இடம். மற்றொன்று, அவன் ஆடும் வேளை.

முதலில் இடத்தைக் காண்போம். கூடைப்பந்தில் ஐவர் ஆடுவர். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர் பாயிண்ட் கார்டு. அவருக்குத் துணைநின்று தொலைவிலிருந்து எறிபவர் ஷூட்டிங் கார்டு. பக்கங்களில் ஓடுபவர் ஸ்மால் பார்வர்டு. கூடைக்கு அருகில் பலத்தால் ஆடுபவர் பவர் பார்வர்டு. கூடையின் அடியில் நிற்கும் உயரமானவர் சென்டர். கற்பனை அணியிலும் இவ்விடங்கள் உண்டு. நம் பிள்ளைகள் ஆடும் முறையில் நாள்தோறும் பதின்மரை நிறுத்தலாம்: ஐந்து இடங்களுக்கும் உரியவர் ஒவ்வொருவர், கார்டு ஒருவர், பார்வர்டு ஒருவர், இன்னொரு சென்டர், எவரையும் நிறுத்தத்தக்க பொது இடம் இரண்டு. எஞ்சிய மூவர் பலகையில் அமர்ந்திருப்பர். அமர்ந்திருப்பவர் அமெரிக்காவில் ஐம்பது புள்ளி எடுத்தாலும் நமக்கு ஒன்றும் சேராது.

ஒருவர் எந்த இடத்திற்கு உரியவர் என்பதை யார் தீர்மானிப்பது? நம் மனம் அன்று, விதி. ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஓரிடமோ ஈரிடமோ குறிக்கப்படுகிறது. அதன்பின் ஒருவர் புதிய இடத்தில் ஐந்து ஆட்டங்களைத் தொடக்க ஆட்டக்காரராகத் தொடங்கினாலோ, அவ்விடத்தில் மொத்தம் பத்து ஆட்டங்கள் ஆடினாலோ அந்த இடத்திற்கும் உரியவராகிறார். ஒருமுறை பெற்ற உரிமை அந்த ஆண்டு முழுவதும் நீங்குவதில்லை. ஈரிடத்திற்கும் மூவிடத்திற்கும் உரியவருக்கு மதிப்பு மிகுதி. காரணம் எளிது. புதன்கிழமை பல அணிகள் ஒரே நாளில் ஆடும்போது மூன்று சென்டர்கள் ஒருங்கே வந்து நிற்பர். பொது இடங்கள் முன்னரே நிரம்பியிருந்தால் ஒருவர் வீணே அமர வேண்டும். அவர்களுள் ஒருவர் பார்வர்டாகவும் நிற்க உரியவரானால் அவரை நகர்த்தி மூவரையும் ஆட விடலாம்.

உண்மையான ஆட்டத்திலும் இவ்விடச் சிக்கல் பெருங்காரியமாய் இருந்திருக்கிறது. 1980 மே 16ஆம் நாள் இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் அணியின் சென்டராகிய கரீம் அப்துல் ஜப்பார் காயத்தால் ஆட இயலாதபோது, பாயிண்ட் கார்டாகிய மேஜிக் ஜான்சன் சென்டராக இறங்கினார். அவருக்கு வயது இருபது. அதுவே அவருக்கு முதலாண்டு. 42 புள்ளிகள் எடுத்து, 15 முறை பந்தை மீட்டு, கோப்பையைத் தம் அணிக்குப் பெற்றுத் தந்தார். இதற்கு மாறானதோர் எடுத்துக்காட்டும் உண்டு. 2021இலும் 2022இலும் ஆண்டின் தலைசிறந்த வீரர்க்கான வாக்கெடுப்பில் ஜோயல் எம்பீட் இரண்டாமிடம் பெற்றார். ஆயினும் ஆண்டின் முதல் ஐவர் அணியில் அவருக்கு இடமில்லை. சென்டருக்குரிய ஒரே இடத்தில் நிகோலா யோகிச் நின்றுவிட்டார். நாட்டிலேயே இரண்டாமவர் என்று எண்ணப்பட்டவர், இடம் ஒன்றே என்பதனால் இரண்டாம் அணிக்குச் சென்றார். 2023-24 ஆட்ட ஆண்டு முதல் அத்தேர்வில் இடப் பிரிவையே நீக்கிவிட்டனர்.

இனி வேளை. அச்சங்கத்தில் முப்பது அணிகள்; ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 82 ஆட்டங்கள் ஆடுகின்றன. அக்டோபர் முதல் ஏப்ரல் வரையில் ஏறக்குறைய இருபத்தைந்து வாரங்களில் அவை பரவிக் கிடக்கின்றன. சராசரி வாரத்திற்கு மூன்றுக்குச் சற்று மேல். ஆனால் சராசரி என்பது எந்த வாரத்திலும் நேரில் வந்து நிற்பதில்லை. ஓர் அணிக்கு ஒரு வாரத்தில் நான்கு ஆட்டம் இருக்கும். மற்றோர் அணிக்கு இரண்டே இருக்கும். ஆட்டத்திற்கு முப்பது புள்ளி எடுக்கும் பெருவீரர் இருமுறை ஆடினால் அறுபது. இருபது எடுக்கும் நடுத்தர வீரர் நான்கு முறை ஆடினால் எண்பது. பெயரைப் பார்த்துத் தேர்ந்தவன் தோற்க, நாட்காட்டியைப் பார்த்துத் தேர்ந்தவன் வெல்வதுண்டு. நம் மகன் பழைய நாட்குறிப்பு ஒன்றில் கட்டம் போட்டு, எந்த அணி எந்த நாளில் ஆடுகிறது என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தான். ரயில்வே கால அட்டவணையைப் பார்த்து, எந்த வண்டி எங்கே இணைகிறது என்று கணக்கிட்டு ஊருக்குப் போய்வந்த நம் தலைமுறைக்கு அந்தக் கட்டம் பழகிய முகமாகவே தோன்றியது.

வேளையில் இன்னொரு வேறுபாடும் உண்டு. அது நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்தோர்க்கே நன்கு புரியும். அமெரிக்கக் கீழைக் கரையில் மாலை ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கும். நியூ ஜெர்சியில் வாழும் நம் தங்கை மகன் சிற்றுண்டி முடித்துச் சாவகாசமாக அமர்ந்து அணியை நிறுத்துவான். குளிர்காலத்தில் அதே கணம் லண்டனில் இருக்கும் அண்ணன் மகளுக்கு நள்ளிரவு. சிங்கப்பூரில் இருப்பவனுக்குக் காலை எட்டு மணி. மைசூருவில் இருக்கும் நம் பிள்ளைக்கு விடியற்காலை ஐந்தரை. ஒரே ஆட்டம், ஒரே விதி. ஆனால் ஒருவனுக்குத் தூக்கத்தை விற்றுத்தான் அதில் பங்கு கிடைக்கிறது. கடைசி நேரத்தில் ஒரு வீரர் காயத்தால் ஆடவில்லை என்னும் செய்தி ஐந்து மணிக்கு வந்தால், விழித்திருப்பவன் மாற்றிக்கொள்கிறான், உறங்குபவன் இழக்கிறான். நம் இல்லத்து விளக்கு எரிந்த காரணம் இதுவே.

ஆட்டத்தை இவ்வளவு ஆவலுடன் நாம் கேட்டதைக் கண்ட பிள்ளைகள், நம்மையே அதற்கு நடுவராக்கிவிட்டனர். "மாமா ஆடவில்லை, ஆகவே பொதுவானவர்" என்று நியூ ஜெர்சி மருமகன் வாட்ஸ்அப் குழுவில் எழுத, மற்றவர் ஆமோதித்தனர். நாமும் பஞ்சாயத்துத் தலைவரைப் போல் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டோம்.

வழக்கு விரைவில் வந்தது. டிசம்பரின் ஒரு வாரத்தில் நம் மகனும் அந்த மருமகனும் மோதினர். ஞாயிறு இரவு வரையில் நம் மகன் ஐந்து கணக்குகளிலும், மருமகன் நான்கிலும் முன்னின்றனர். வீச்சுத் தடுப்பில் நம் மகனுக்கு 22, மருமகனுக்கு 21. அன்று மருமகனுடைய சென்டர் காயமுற்றதால் அவ்விடம் காலியாக இருந்தது. அவன் பலகையில் ஒரு பவர் பார்வர்டு அமர்ந்திருந்தார். அவர் உரியதாகிய பார்வர்டு இடங்களும் பொது இடங்களும் நிரம்பிவிட்டன. அந்த வீரரோ சில வாரங்களாகத் தம் உண்மை அணியில் சென்டராகவே ஆடி வந்தார். நான்கு முறை அவ்விடத்தில் ஆட்டத்தைத் தொடங்கியிருந்தார். அன்று தொடங்கவிருந்தது ஐந்தாவது. தளம் அவரைச் சென்டர் இடத்தில் நிறுத்த இசையவில்லை. அவர் பலகையில் இருந்தபடியே இரண்டு வீச்சுகளைத் தடுத்துவிட்டார். அவற்றைச் சேர்த்தால் மருமகனுக்கு 23, வாரம் அவனுடையது. சேர்க்காவிட்டால் வாரம் நம் மகனுடையது.

மருமகன் முறையிட்டான். "அவர் அன்று சென்டராகத்தான் இறங்கினார், மாமா. கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நான்கு முன்பே ஆயிற்று. அன்றையதைச் சேர்த்தால் ஐந்து. குடும்பக் கணக்கிலாவது சேர்த்துக்கொள்ளக் கூடாதா?"

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நாம் தீர்ப்பளித்ததற்கு அந்த நியாயம் காரணமன்று. உண்மையை ஒளியாமல் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் நம் மகன். மறுபக்கம் தங்கை மகன். நம் மகனுக்குச் சாதகமாகச் சொன்னால் உறவினர் என்ன நினைப்பார்கள், தங்கை மனத்தில் என்ன தோன்றும் என்னும் எண்ணமே நம்மை ஆட்கொண்டது. நடுநிலை தவறாதவர் என்று பெயர் வாங்கும் ஆசை, நடுநிலையையே தவறச் செய்தது. தளத்தின் விதியை ஒருமுறை எடுத்துப் படித்துக்கூடப் பார்க்காமல், "சேர்த்துக்கொள்ளலாம்" என்று எழுதிவிட்டோம். குழுவில் கைதட்டும் படங்கள் வந்தன. "மாமா பெரிய மனிதர்" என்றாள் சித்தி பெண். நமக்குச் சற்றுப் பெருமிதமும் உண்டாயிற்று.

நம் மகன் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்குப் போனான், வந்தான், உண்டான். மறுநாள் விடியற்காலையில் பின்னறையில் விளக்கு எரியவில்லை. அதற்கு மறுநாளும் எரியவில்லை. பென்சிலால் கட்டம் போட்ட நாட்குறிப்பு பழைய செய்தித்தாள்களின் மேல் கிடந்தது.

மூன்றாம் நாள் இரவு இல்லத்தரசி கேட்டார்: "நம் மூத்தவள் விஷயத்தை மறந்துவிட்டீர்களா?"

மறக்கவில்லை. நாம் மைசூருவிற்குக் குடிவந்தபோது மூத்த மகள் ஏழாம் வகுப்பில் சேர்ந்தாள். ஏழு முதல் பன்னிரண்டு வரை ஆறு ஆண்டுகள் இங்கேயே படித்தாள். கர்நாடகத்தில் தொழிற்கல்விக்கான அரசு இடங்களைப் பெற, பொதுவான விதிப்படி ஏழு ஆண்டுகள் இம்மாநிலத்தில் படித்திருத்தல் வேண்டும். நம் சங்கத்துக் குடும்பங்கள் பல இவ்விதியை விரலால் எண்ணியே குடிபெயரும் ஆண்டை முடிவு செய்கின்றன. நாமோ எண்ணவில்லை. ஒரே ஓர் ஆண்டு குறைந்தது. அன்று நாம் சென்று பேசாத இடமில்லை. "பெண் கன்னடத்தில் நன்றாகப் பேசுவாள், மதிப்பெண்ணும் மிகுதி" என்றெல்லாம் சொன்னோம். எல்லோரும் பொறுமையுடன் கேட்டு, "ஆறு ஏழாகாது" என்று சொல்லியனுப்பினர். வங்கிக் கடன் பெற்றுத் தனியார் கல்லூரியில் சேர்த்தோம்.

"அன்று நமக்காக எவராவது ஆறை ஏழாக்கி எண்ணியிருந்தால், விதிப்படி ஏழாண்டு படித்த வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு இடம் போயிருக்கும். அந்தப் பிள்ளையின் தகப்பனார் நம்மைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? இன்று அந்தப் பிள்ளை நம் வீட்டிலேயே இருக்கிறான். தகப்பனாரும் நீங்களே" என்றார் இல்லத்தரசி.

அவ்விரவு நாம் விதியை எடுத்துப் படித்தோம். ஐந்து ஆட்டங்கள் முடிந்து, கணக்கில் ஏறிய பின்னரே உரிமை என்பதில் ஐயமில்லை. ஐந்தாவது ஆட்டம் உரிமையைத் தருகின்ற ஆட்டம். உரிமையுடன் ஆடுகின்ற ஆட்டம் அன்று. திங்கட்கிழமை முதல் அந்த வீரர் சென்டர். ஞாயிறன்று அல்லர். இதை நம் மகன் முன்பே அறிந்திருந்தான். மேஜிக் ஜான்சனின் கதையை நமக்குச் சொன்னபோதே, "அவ்வளவு பெரிய ஆட்டம் ஆடியும், நம் விதிப்படி அவர் சென்டர் ஆக மாட்டார். ஒரு நாள் நின்றால் போதாது" என்று சிரித்தபடி கூறியிருந்தான். கேட்ட நாமே அதை மறந்தோம்.

மறுநாள் காலையில் நாம் குழுவில் எழுதுவதற்கு முன், நியூ ஜெர்சியிலிருந்து குரற்செய்தி ஒன்று வந்திருந்தது. "மாமா, நானே விதியைப் பார்த்துவிட்டேன். நான்கு ஐந்தாகாது. அந்த வாரம் தம்பிக்கே உரியது. அவன் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து ஆடுகிறான் என்பது எனக்கு அத்தை சொல்லித்தான் தெரியும். எனக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரம்" என்று மருமகன் கூறியிருந்தான். எந்த உறவு மனம் வருந்துமோ என்று அஞ்சி நாம் பிழை செய்தோமோ, அந்த உறவே நம்மைத் திருத்திற்று.

தீர்ப்பைத் திருத்தி எழுதினோம். பின்னர் மகனை அழைத்து, "பிழை எம்முடையது" என்றோம். பிள்ளையிடம் இவ்வாறு சொல்வது நம் தலைமுறைக்கு எளிதன்று. நா எழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவன் சற்று நேரம் தரையைப் பார்த்திருந்து, "நீங்கள் என் பக்கம் பேச வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அப்பா. விதியைப் படித்துப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றான்.

அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

இதனை இத்துணை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் இல்லங்களில் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களை நாம் ஒன்று முழுவதும் வெறுக்கிறோம். அல்லது முழுவதும் விளையாட்டு என்று தள்ளிவிடுகிறோம். பணம் இருந்தால் தடுக்க வேண்டியது நம் கடமை, அதில் ஐயமில்லை. பணம் இல்லாதபோதும் தூக்கத்திற்கு ஓர் எல்லை வகுக்க வேண்டும். நம் இல்லத்தில் இப்பொழுது, பள்ளி நாள்களில் முந்தைய இரவே அணியை நிறுத்திவிட வேண்டும். சனி, ஞாயிறுகளில் மட்டுமே விடியற்காலை விளக்கு. குடும்பத்திற்குள் இத்தகைய ஆட்டம் நடத்துவோர் முதல் ஆட்டத்திற்கு முன்பே விதிகளை எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்டு வைத்தல் நலம். நடுவில் அன்பு வந்து கணக்கு எழுதத் தொடங்கினால், அன்புக்கும் கேடு, கணக்கிற்கும் கேடு.

பிறகு ஒன்று செய்தோம். தவறான தீர்ப்புக்குத் தண்டனையாக, கும்பகோணத்தில் உள்ள நம் அன்னையாருக்கு அந்த இரண்டு பக்கக் கடிதத்தை நாமே எழுதுவதென்று குழுவில் அறிவித்தோம். பிள்ளைகள் பெரிதும் மகிழ்ந்தனர். தபால் அலுவலகத்தில் உள்நாட்டுக் கடிதத்தாள் வாங்கிவந்து அமர்ந்தபோதுதான், கடைசியாக அன்னைக்குக் கையால் எழுதியது எப்போது என்னும் எண்ணம் வந்தது. தொலைபேசி வந்தபின் எழுதவேயில்லை. வாரம் ஒருமுறை பேசுகிறோம். 'சாப்பிட்டாயா, மருந்து போட்டுக்கொண்டாயா' என்பதற்கு மேல் பேச்சு நீள்வதில்லை. மகன் என்னும் இடம் நமக்குப் பிறப்பிலேயே குறிக்கப்பட்டது. அந்த இடத்தில் நின்று எத்தனை ஆட்டம் ஆடினோம் என்று எவரேனும் எண்ணத் தொடங்கினால், ஐந்து தேறுமா என்பது ஐயமே. மைசூருவில் பிறமொழியினரிடையே வளரும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பற்று இல்லையென நாம் கூட்டந்தோறும் குறைகூறுகிறோம். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் நாள்தோறும் பேசி, ஈரிடத்திலும் நிற்கப் பழகிக்கொள்பவர் அவர்களே. எண்ணிக்கையில் குறைந்தவர் நாம்.

கடிதம் இரண்டு பக்கத்தில் முடியவில்லை. தனித்தாள் வைத்து ஐந்து பக்கம் ஆயிற்று. ஆட்டத்தைப் பற்றியும், வழக்கைப் பற்றியும், பேரனிடம் மன்னிப்புக் கேட்டதைப் பற்றியும் எழுதினோம். நம் மகன் கீழே இரண்டு வரி சேர்த்தான். 'ற'கரம் ஒன்று பிழையாக இருந்தது; திருத்தவில்லை.

பொங்கலுக்கு இரு நாள் முன்னர் அன்னையார் தொலைபேசியில் பேசினார். எண்பது வயதைக் கடந்த அவருக்கு, பக்கத்து வீட்டுப் பெண் கடிதத்தை இருமுறை படித்துக் காட்டினாளாம்.

"அந்தப் பந்தாட்டம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ நான்கு தடவை நின்றான், ஐந்து தடவை நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது கிடக்கட்டும். அடுத்த கடிதம் எப்போது வரும்? தேதியைச் சொல்லிவிடு, தபால்காரர் வரும் வேளைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

நாம் தேதியைச் சொன்னோம். நம் மகன் பழைய செய்தித்தாள்களின் மேலிருந்த நாட்குறிப்பை எடுத்துவந்து, ஆட்டக் கட்டங்களுக்கு நடுவில் அந்தத் தேதியைப் பென்சிலால் குறித்துக்கொண்டான்.